சுமை குறைந்தால் தூரம் கூடும்: தோட்டத்துப் பாடசாலைகளில் எளிய பொறிகள்

(கொடகவெலயில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சுக்கு எளிய பொறிகளைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். விஞ்ஞானப் பாடநூலில் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிற பாடத்துக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டுமா என்று அமைப்பாளர்களில் ஒருவர் அன்போடு கேட்டார். வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இந்த ஊரைச் சுற்றி வாழும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தின் கதவை எந்தப் பாடத்தால் திறக்கலாம் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இந்தப் பாடத்தைத்தான் சொல்வேன்.

காரணம் நம் கண்முன்னே இருக்கிறது. கொடகவெல, இறக்குவானை, கஹவத்தை, பெல்மதுளை என்று எந்தப் பக்கம் போனாலும் தேயிலை உண்டு, ரப்பர் உண்டு, மாணிக்கக் குழி உண்டு. இவற்றில் வேலை செய்கிறவர்களின் கைகளில் இருப்பவை அத்தனையும் எளிய பொறிகள். கல் புரட்டும் அலவாங்கு நெம்பு. கவ்வாத்துக் கத்தியும் பால்வெட்டுக் கத்தியும் ஆப்பு. ரப்பர்த் தகட்டை அழுத்தி எடுக்கும் கை ரோலர் சில்லும் அச்சாணியும். மாணிக்கக் குழியின் வாயில் நின்று, இல்லம் என்கிற மாணிக்கச் சரளை மண்ணைக் கூடை கூடையாக மேலே இழுக்கிற மரச் சுழற்றிக்கு இரத்தினபுரியில் டபரே என்று பெயர்; அதுவும் சில்லும் அச்சாணியும்தான். இறக்குவானையிலிருந்து தெனியாயவுக்குப் போகிற பாதை புலுத்தோட்டக் கணவாயில் கொண்டையூசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறுகிறதே, அது மலையில் சுற்றிய சாய்தளம். இவற்றைப் பார்க்காத பிள்ளை இந்தப் பகுதியில் இல்லை. அலவாங்கின் எந்த இடத்தில் கையை வைத்தால் கல் அசையும் என்பது பத்து வயதுப் பையனுக்கும் தெரியும்.

இத்தனை தெரிந்த பிள்ளை வகுப்பறைக்குள் வந்ததும் என்ன நடக்கிறது? கரும்பலகையில் மூன்று கோடுகள் வரையப்படுகின்றன. சுழலிடம் நடுவில் இருந்தால் முதலாம் வகை, சுமை நடுவில் இருந்தால் இரண்டாம் வகை, எத்தனம் நடுவில் இருந்தால் மூன்றாம் வகை. கத்தரிக்கோல் முதலாம் வகை, பாக்குவெட்டி இரண்டாம் வகை, சாவணம் மூன்றாம் வகை. பிள்ளை அதைக் கொப்பியில் எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் ஒப்புவித்து, மறந்துவிடுகிறது. தன் தகப்பனின் அலவாங்கைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் பேசினார்கள் என்பது அதற்குத் தெரிவதே இல்லை.

இதற்கு மாற்றாகச் செயற்திட்டங்கள் வந்தன. நாட்டின் கலைத்திட்டமும் 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திலிருந்து தேர்ச்சி, செயற்பாடு, குழுவேலை என்றே பேசுகிறது. நல்லதுதான். ஆனால் பல பாடசாலைகளில் செயற்திட்டம் என்பது கண்காட்சிக்கான மாதிரியாகச் சுருங்கிவிட்டது. ஐஸ்கிரீம் குச்சியும் பசையும் கொண்டு ஒரு பாரந்தூக்கி. வர்ணத்தாள் ஒட்டிய கப்பி. பெயர் எழுதிய அட்டை. பெரும்பாலும் அதைச் செய்தவர் பிள்ளையின் மாமாவோ அண்ணனோ. நடுவர்கள் வந்து அழகைப் பார்த்துப் புள்ளியிடுகிறார்கள். எந்தப் பிள்ளையும் அந்தப் பாரந்தூக்கியில் ஒரு சுமையைத் தொங்கவிட்டு, எவ்வளவு பலம் கொடுத்தேன், எவ்வளவு தூரம் இழுத்தேன் என்று எழுதி வைப்பதில்லை. அதைக் கைப்பணி என்று பாராட்டலாம். விஞ்ஞானம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

என் கருத்து இதுதான்: எளிய பொறியைச் செய்வது பாதி வேலை, அதை அளப்பதில்தான் பாடம் இருக்கிறது. அளக்கிறபோதுதான் பொறியின் இரகசியம் வெளிப்படுகிறது. அந்த இரகசியம் பாடநூலில் ஒரு வரியாக வருகிறது, வகுப்பில் யாரும் நின்று பார்ப்பதில்லை.

முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்று, ஒரு பென்சில், ஒரே பெறுமதியுள்ள நாணயங்கள் சில. இவை இல்லாத வகுப்பறை இலங்கையில் இல்லை. அடிமட்டத்தின் நடுவைப் பென்சிலின் மேல் வைத்து, ஒரு பக்கம் ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி இரண்டு நாணயம் வையுங்கள். மறுபக்கம் ஒரே ஒரு நாணயத்தை எங்கே வைத்தால் சமநிலை வரும்? ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. பிள்ளைகள் தள்ளித் தள்ளிப் பார்த்துப் பத்தாவது சென்ரிமீற்றரில் கண்டுபிடிப்பார்கள். மூன்று நாணயம், நான்கு நாணயம் என்று மாற்றி மாற்றி எழுதினால், எண்ணிக்கை, தூரம் என்ற இரண்டு நிரல்களையும் பெருக்கினால் ஒரே எண் வருகிறது என்பதைப் பின்வாங்கில் இருக்கும் பிள்ளையே முதலில் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு சூத்திரத்தை எழுதுங்கள். அது தானே கண்டுபிடித்த சூத்திரம் என்பதால் பிள்ளை அதை மறக்காது.

அடுத்தது சாய்தளம். இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் ஆசிரியர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். இரண்டு மீற்றர் நீளமான பலகையை அரை மீற்றர் உயரமுள்ள வாங்கில் சாய்த்து வைக்கிறோம். பத்து நியூட்டன் நிறையுள்ள கட்டையை விற்றராசில் மாட்டி மெதுவாக மேலே இழுக்கிறோம். நீளம் உயரத்தின் நான்கு மடங்கு. ஆகவே எத்தனம் நான்கில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை நியூட்டன் வரவேண்டும் என்கிறது கணக்கு. விற்றராசு நான்கைக் காட்டுகிறது. பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது. ஆசிரியர் பாடநூலைப் பார்க்கிறார். கொப்பியில் இரண்டரை என்று எழுதப்படுகிறது.

அந்த ஒரு நொடியில் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன என்று நினைத்துப் பாருங்கள். தன் கண்ணை நம்பக் கூடாது. எழுதப்பட்டதற்கு ஏற்ப அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். விஞ்ஞான வகுப்பில் இதைவிடப் பெரிய கேடு ஒன்றை நாம் அந்தப் பிள்ளைக்குச் செய்ய முடியாது. நான்கு என்பதுதான் உண்மை. மிகுதி ஒன்றரை எங்கே போனது என்பதுதான் கேள்வி. பலகையில் மெழுகு பூசிப் பார்க்கலாம், கட்டையின் அடியில் உருளைப் பென்சில்களை வைத்துப் பார்க்கலாம், மணற்தாள் ஒட்டிப் பார்க்கலாம். எண் ஒவ்வொரு முறையும் மாறும். உராய்வு என்ற சொல் அப்போது பிள்ளைக்குத் தேவைப்படும்; தேவைப்படுகிறபோது கொடுத்த சொல் நிலைக்கும். இரண்டரையை நான்கால் வகுத்தால் அறுபத்திரண்டரை வீதம். அதுதான் அந்தப் பலகையின் வினைத்திறன். மேல்வகுப்பில் வரப்போகிற ஒரு கருத்து, தரம் எட்டில் இருக்கிற பிள்ளையின் கைக்குள் இப்படி வந்துவிடுகிறது.

இரகசியம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். பொறி வேலையை மிச்சப்படுத்துகிறது என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். கலிலியோவின் காலத்திலும் அப்படித்தான் நம்பினார்கள். சிறு பலத்தால் பெரும் பாரத்தைத் தூக்குகிறபோது இயற்கையை ஏமாற்றிவிட்டதாகப் பொறி செய்கிறவர்கள் எண்ணினார்கள். ஏமாற்ற முடியாது என்று 1600ஆம் ஆண்டளவில் கலிலியோ எழுதினார். பலத்தில் எவ்வளவு இலாபமோ, தூரத்திலும் நேரத்திலும் அவ்வளவு செலவு. பொறி நாம் கொடுக்கும் பலத்தைக் குறைக்கும். அதற்கு ஈடாகத் தூரத்தைக் கூட்டும். உராய்வையும் சேர்த்தால் நாம் கொடுக்கும் வேலை எப்போதும் கூடுதல்தான். மலையகத்துப் பிள்ளைக்கு இது புதிய செய்தியே அல்ல. கொழுந்துக் கூடையோடு செங்குத்தான குறுக்குப் பாதையில் ஏறுவதா, வளைந்து போகிற வண்டிப் பாதையில் சுற்றிப் போவதா என்று அதன் தாய் தினமும் இந்தக் கணக்கைப் போடுகிறாள். கால்கள் அறிந்த இந்தக் கணக்கை நாம் பாடமாக எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டபரேயை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் குழியோரம் அழைத்துப் போகவே கூடாது என்பதை முதலில் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். குழி இடியும், நீர் ஏறும். படிக்கிற வயதில் அங்கே போய் நின்ற பையன்கள் பலர் பாடசாலைக்குத் திரும்பவில்லை என்பதும் நமக்குத் தெரியும். வகுப்பறையிலேயே ஒரு டபரே செய்யலாம். இரண்டு கதிரைகளுக்கு நடுவே ஒரு மூங்கில், அதன் முனையில் ஒரு கைப்பிடி, ஒரு கயிறு, ஒரு வாளி. கைப்பிடி அச்சிலிருந்து நாற்பது சென்ரிமீற்றர், உருளையின் ஆரை பத்து சென்ரிமீற்றர் என்று பெரிய டபரே ஒன்றுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு சுற்றில் கை ஏறத்தாழ இரண்டரை மீற்றர் வட்டமிடுகிறது. கயிறோ அறுபத்து மூன்று சென்ரிமீற்றர்தான் ஏறுகிறது. பத்து மீற்றர் ஆழக் குழியிலிருந்து ஒரு கூடையை மேலே கொண்டுவரப் பதினாறு சுற்று. கை நாற்பது மீற்றர் நடந்து முடிகிறது. தகப்பன் ஒரு நாளில் எத்தனை கூடை எடுக்கிறார் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் பெருக்கல் கணக்கு தானாக நடக்கும். கைப்பிடியை நீட்டினால் என்ன, உருளையைத் தடிப்பாக்கினால் என்ன என்ற கேள்விகளைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

ரப்பர் ரோலரிலும் இதே பாடம் உண்டு. உறைந்த பாற்கட்டி தடிப்பாக இருக்கிறபோது கைப்பிடி ஏன் இறுகுகிறது, உருளைகளின் இடைவெளியைப் படிப்படியாக ஏன் குறைக்கிறார்கள், அந்த இடைவெளியைச் சரிசெய்கிற திருகைக் கொஞ்சம் திருப்பினால் உருளை ஏன் அவ்வளவு குறைவாக நகர்கிறது: இந்த மூன்று கேள்விகளுக்குள் அச்சாணி, ஆப்பு, திருகு மூன்றும் வந்துவிடுகின்றன. திருகு என்பது சுற்றி வைத்த சாய்தளம்தான் என்று காட்ட ஒரு செங்கோண முக்கோணக் கடதாசியைப் பென்சிலில் சுற்றினால் போதும். புலுத்தோட்டப் பாதையை வாகனத்தில் ஏறிப் பார்த்த பிள்ளைக்கு அது உடனே புரியும்.

நெம்பைப் பற்றிப் பேசுகிறபோது ஒரு விடயத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. அது தராசு. கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கிற நேரம் தோட்டத்தில் எல்லோருடைய கண்ணும் போகிற நேரம். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பது பற்றிய பேச்சு லயங்களில் பல தலைமுறையாக இருக்கிறது. அந்த வழக்கை நான் இங்கே விசாரிக்க வரவில்லை. தராசு என்ற பொறியைப் பிள்ளை புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறேன். இரு கைத் தராசில் ஒரு கை ஐம்பது சென்ரிமீற்றர், மறு கை நாற்பத்தெட்டு என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. இருபது கிலோவைக் குட்டைக் கையில் தொங்கவிட்டால் அது பத்தொன்பது கிலோ இருநூறு கிராம் என்று காட்டும். எண்ணூறு கிராம் காணாமல் போகும். அதையே தட்டு மாற்றி நிறுத்தால் இருபது கிலோ எண்ணூற்று முப்பது கிராம் அளவில் வரும். இரண்டு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சரியான இருபது கிடைக்கும். தட்டு மாற்றி நிறுப்பது என்ற இந்த எளிய வழி, பிழையான தராசிலும் சரியான நிறையைப் பிடித்துத் தருகிறது. இன்றைக்கு வில்லும் மின்னணுவும் தராசுக்குள் வந்துவிட்டன. ஆனாலும் தெரிந்த நிறையை முதலில் தொங்கவிட்டுப் பார்ப்பது என்ற பழக்கம் எல்லாத் தராசுக்கும் பொருந்தும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். போத்தல்களில் நீர் நிரப்பிப் பிள்ளைகள் தங்களுக்கென ஐந்து கிலோப் படிக்கல் ஒன்றைச் செய்யலாம். அதைச் செய்யத் தெரிந்த பிள்ளை வளர்ந்து எந்தத் தராசின் முன்னால் நின்றாலும் தலை நிமிர்ந்து நிற்கும்.

இது நடைமுறைக்கு வருமா என்று கேட்பவர்களுக்கு இந்தியாவிலிருந்து ஒரு சான்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானக் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராமிய நிலையமும் அதைத் தொடங்கின. பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கிராமத்து ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து பரிசோதனை செய்தார்கள். 1978இல் அது மாவட்டம் முழுவதுக்கும் விரிந்தது. பிள்ளைகள் செய்து பார்த்து, எழுதி, விவாதித்துக் கற்றார்கள். அதைவிட முக்கியமானது பரீட்சை: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைப் பரீட்சையும் தனியாக உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை மூடிவிட்டது. முப்பது ஆண்டுகள் நடந்ததை அது அழித்துவிடவில்லை. அந்தத் திட்டத்தோடு வேலை செய்ய 1978இல் தன் கம்பனியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த பொறியியலாளர்தான் அரவிந்த் குப்தா. சைக்கிள் வால்வு ரியூப்பை வெட்டித் தீக்குச்சிகளை இணைத்து அவர் செய்த முக்கோணமும் சதுரமும் உலகம் எங்கும் போயின. முக்கோணம் உறுதியாக நிற்கும், சதுரம் சாய்ந்துவிடும் என்பதைக் கூரைச் சட்டம் போடுகிற தச்சனும் தீக்குச்சி கோத்த பிள்ளையும் ஒரே வழியில்தான் அறிகிறார்கள்.

அதே 1972இல் நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராகவும் பிரேமதாச உடகம செயலாளராகவும் இருந்த காலம். இடைநிலை வகுப்புகளில் எல்லோருக்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானம், கூடவே அந்தந்த ஊரின் தொழிலை ஒட்டிய முன்தொழிற் பாடம். 1977இல் ஆட்சி மாறியதும் அந்தப் பாடம் கைவிடப்பட்டது. அப்போது பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அரச முறைமைக்குள் அவை அப்போது இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. தொழிலைப் பாடமாக்கிய சீர்திருத்தம், இந்த நாட்டின் ஏற்றுமதியைத் தோளில் சுமந்தவர்களின் பிள்ளைகளை எட்டவே இல்லை. இதைச் சொல்கிறபோது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்தச் சீர்திருத்தத்தைப் பெற்றோர்கள் ஏன் விரும்பவில்லை என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வயலிலிருந்து பிள்ளையை மீட்க அனுப்பினால் பாடசாலையிலும் மண்வெட்டியா என்று கேட்டார்கள். காந்தியடிகளின் ஆதாரக் கல்விக்கு எதிராகவும் இதே குரல் எழுந்தது. தோட்டத்துத் தாய்மார் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்பார்கள், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. நான் காலைப் பெரட்டுக்குப் போகிறேன், என் பிள்ளை போகக் கூடாது என்பதற்காகத்தானே படிக்க அனுப்பினேன் என்பார்கள்.

அவர்களுக்கு என் பதில்: அம்மா, உங்கள் பிள்ளைக்கு அலவாங்கு பிடிக்கக் கற்றுத்தரச் சொல்லி நான் கேட்கவில்லை. அலவாங்கை அளக்கக் கற்றுத்தரச் சொல்கிறேன். கருவியைப் பிடித்தவனுக்குக் கூலி கிடைத்தது; அதை அளந்து எழுதியவன் பொறியியலாளன் ஆனான். இந்த மாவட்டத்தில் தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க வசதியுள்ள பாடசாலைகள் மிகக் குறைவு. அந்த வாசல்வரை போக வேண்டிய பிள்ளை தரம் ஏழிலும் எட்டிலுமே விஞ்ஞானம் தனக்கு வராது என்று முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவை மாற்றுகிற வல்லமை இந்தச் சிறு பாடத்துக்கு உண்டு, ஏனென்றால் இதில் மட்டும் தோட்டத்துப் பிள்ளை நகரத்துப் பிள்ளையைவிட அதிகம் தெரிந்துகொண்டு வகுப்புக்குள் வருகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் தனியாக உண்டு. குழுவேலை என்றதும் பையன்கள் பலகையையும் கயிற்றையும் பிடித்துக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கொப்பியும் பேனாவும் கொடுக்கப்படுகின்றன. எழுத்து அழகாக இருக்கும் என்பது காரணம். இதை அனுமதிக்காதீர்கள். கொழுந்துக் கூடையைச் சுமப்பவர்கள் பெண்கள். சுமையைப் பற்றிய பாடத்தில் அவர்களின் மகள்கள் விற்றராசைப் பிடிக்கட்டும். இழுத்தவர் அடுத்த முறை எழுதட்டும், எழுதியவர் இழுக்கட்டும்.

செலவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அடிமட்டமும் நாணயமும் பலகையும் இருக்கின்றன. நூல் சுற்றி முடிந்த கட்டைகள் கப்பியாகும்; தையல் வேலை செய்கிற எந்த வீட்டிலும் கிடைக்கும். விற்றராசு ஒன்றுதான் வாங்க வேண்டும். அதுவும் இல்லாத இடத்தில் ரப்பர் வளையம் ஒன்றைத் தொங்கவிட்டு, நீர் அளந்த போத்தல்களால் நீட்சியைக் குறித்துப் பிள்ளைகளே ஒன்றைச் செய்துகொள்ளலாம். ரப்பர் விளைகிற ஊரில் அதற்கு என்ன குறை?

குறை இருப்பது புள்ளியிடுகிற முறையில். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் மாதிரியின் அழகுக்குக் கொடுக்கிற புள்ளியை நிறுத்தி, அளவீட்டு அட்டவணைக்குக் கொடுங்கள். நான்கு என்று எழுதி, ஏன் இரண்டரை வரவில்லை என்று இரண்டு வரி காரணம் எழுதிய பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுங்கள். அதிபர்கள் இதற்கு ஆசிரியரின் பக்கம் நில்லுங்கள். வலயக் கல்வி அதிகாரிகள் வகுப்பைப் பார்க்க வருகிறபோது சுவரில் ஒட்டிய படங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் கொப்பியில் உள்ள எண்களைப் பாருங்கள். இந்த அறக்கட்டளையை நடத்துகிறவர்கள் அடுத்த ஆண்டிலிருந்து பேச்சுக்குச் செலவிடுகிற பணத்தில் ஒரு பகுதியை விற்றராசுகளுக்குச் செலவிடலாம். அதனால் என் பேச்சு பாதியாகக் குறைந்திருந்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. ஆசிரியர்களே, அடுத்த தவணையில் இந்தப் பாடம் வருகிறபோது பாடநூலைத் திறப்பதற்கு முன் இரண்டு பாடவேளைகளைப் பலகைக்கும் நாணயத்துக்கும் கொடுங்கள். பிறகு பெற்றோர் கூட்டத்தில் ஒரு பிள்ளையை எழுப்பி, டபரேயின் கணக்கைத் தகப்பனுக்கு முன்னால் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.